புகைப்படத்தில் இருப்பது யார்?

கேள்வி: இத்தனை ஆண்டுகளாக எங்களைச் சிரிக்க வைக்கும் தாங்கள், தங்களைப் பற்றி ஒரு முறையேனும் சொல்லக் கூடாதா?

பதில்: ஐந்து பிள்ளைகள் பிறந்த வீட்டில் நான் நான்காமவள். பொறுப்பு முழுவதும் மூத்த அக்காவுக்கும், செல்லம் முழுவதும் கடைக்குட்டித் தம்பிக்கும் போய்விட்டதால், எனக்கு மிஞ்சியது வேடிக்கை பார்க்கும் வேலை ஒன்றுதான். அக்காவுக்கு முதல் பல் முளைத்ததற்கே பதினொரு புகைப்படங்கள் எடுத்திருக்கிறார்கள். என் குழந்தைப் பருவத்துக்குச் சான்றாக இருப்பதோ ஒரே ஒரு படம், அதில் இருப்பது நானா தம்பியா என்ற ஐயம் அம்மாவுக்கு இன்றுவரை தீரவில்லை.

படித்தது கணக்கியல். வேலை பார்த்த அலுவலகத்தில் என் விடுப்பு விண்ணப்பங்களை மேலாளர் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, விடுப்பை மட்டும் மறுத்துவிடுவார். என்னுடைய முதல் வாசகர் அவர்தாம்.

கேள்வி: புனைபெயரில் எழுதுவது ஏன்?

பதில்: அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் சாமுவேல் கிளெமென்ஸ் 1863-இல் சூட்டிக்கொண்ட மார்க் ட்வெய்ன் என்ற பெயர், ஆற்றில் ஆழம் பார்ப்பவர்கள் கூவும் சொல்லாகும், 12 அடித் தண்ணீர் இருக்கிறது, படகு தரை தட்டாது என்பது அதன் பொருள். என் புனைபெயருக்கு அப்படியெல்லாம் ஆழம் கிடையாது. உறவினர்களிடமிருந்து ஒளிந்துகொள்வதற்காக வைத்துக்கொண்டேன். முதல் கட்டுரையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் யாரை மனத்தில் வைத்து எழுதினேனோ அந்த அத்தை அதை ரசித்துப் படித்தார். கட்டுரைக்குத் தொடர்பே இல்லாத சித்திதான் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

கேள்வி: தாங்கள் எழுதியதைப் படித்துத் தாங்களே சிரிப்பதுண்டா?

பதில்: நம் விரல் எங்கே படப்போகிறது என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுவதால், நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை அல்லவா? என் எழுத்திலும் எனக்கு அதே கதிதான். ஆகையால் எதையும் முதலில் கணவரிடம் படிக்கக் கொடுப்பேன். அவர் முகத்தைச் சுளித்தபடி, தீர்ப்பெழுதப் போகும் நீதிபதியைப் போல் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்து, எங்காவது ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரிப்பார். ஆவலோடு எட்டிப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே ஓர் எழுத்துப்பிழை இருக்கும். இரண்டு முறை அந்தப் பிழையைத் திருத்தாமலே அனுப்பிவிட்டேன். பாராட்டுக் கடிதங்கள் அவற்றுக்குத்தான் அதிகம் வந்தன.