முட்டை கொடுத்தால் பூச்சி வளருமா?

கேள்வி: ஆறு வயது மகளுக்கு மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். "முட்டை, பருப்பெல்லாம் வேண்டாம், அதைத் தின்றுதான் பூச்சி கொழுக்கும்" என்கிறார் மாமியார். நிறுத்திவிடவா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: நிறுத்தாதீர்கள், முடிந்தால் இன்னொரு முட்டை சேர்த்து வையுங்கள். பூச்சிக்குப் புரதம் வேண்டும் என்பது வரை உங்கள் மாமியார் சொல்வது சரிதான். ஆனால் கொக்கிப்புழு அதைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுப்பதில்லை, ரத்தத்திலிருந்து எடுக்கிறது.

ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். சிறுகுடலின் உள்சுவரைக் கவ்விக்கொண்டு உறிஞ்சும். சாதாரணமாக ஒரு கீறல் விழுந்தால் சில நிமிடங்களில் ரத்தம் உறைந்துவிட வேண்டும் இல்லையா, அதை நடக்கவிடாமல் செய்வதற்கென்றே புழு சில புரதங்களைச் சுரக்கிறது: ஒன்று ரத்தம் உறைவதைத் தொடக்கிவைக்கும் காரணி 7ஏ-வை முடக்கும், ஒன்று காரணி 10ஏ-வை, இன்னொன்று, ஒன்றோடொன்று ஒட்டிக் கசிவை அடைக்கும் ரத்தத் தட்டணுக்களை ஒட்டவிடாது. அதனால் புழு வேறு இடத்துக்கு நகர்ந்த பிறகும் பழைய கடிவாயில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். கொக்கிப்புழுவில் நெக்கேட்டர் என்ற வகைப் புழு ஒன்றால் நாளுக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தம் போகும், அன்சைலோஸ்டோமா என்ற வகையால் 0.2 மில்லி வரை. கேட்க அற்பமாக இருக்கும், நூறு புழு என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

உறிஞ்சிய ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினைப் புழு அப்படியே விழுங்கிச் செரித்துவிட முடியாது. கரும்பை முதலில் கழியாக வெட்டி, அப்புறம் துண்டு போட்டு, கடைசியில் சாறு பிழிவதைப் போல, மூன்று வகை நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதை நறுக்குகின்றன. முதல் வெட்டு போடுவது ஏபிஆர்-1 என்ற புரதம். நறுக்கும்போது வெளிவரும், இரும்பைத் தாங்கிய ஹீம் என்ற பகுதி புழுவுக்கே விஷம், அதைப் பிடித்து அடக்கிவைக்க ஜிஎஸ்டி-1 என்று இன்னொரு புரதம் இருக்கிறது. (வரி இல்லை, நொதி!)

சரி, பிள்ளைக்கு என்ன ஆகிறது? இரும்புச்சத்தோடு ஆல்புமின் போன்ற ரத்தப் புரதமும் குடல் வழியே போய்விடும். புழு அதிகமானால் முகமும் காலும் ஊதுவது அதனால்தான். கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள், உள்பக்கம் வெளிறியிருந்தாலோ, பிள்ளை மண் தின்றாலோ, ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். இந்த நேரத்தில் முட்டையையும் பருப்பையும் நிறுத்தினால் இழப்பு இரண்டு பக்கமும் ஆகிவிடும்.

கேள்வி: இனிப்பு அதிகம் தின்றால் பூச்சி வரும் என்பது உண்மையா?
– வாசகர், தேனி

பதில்: இல்லை. கொக்கிப்புழு பெரும்பாலும் கால் வழியாக வருகிறது. மலம் கலந்த ஈர மண்ணில் புழுவின் முட்டை பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கும் புழுப்பருவம் தயாராகிவிடும். செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போய் வந்த பின் விரல் இடுக்கில் அரிப்பு, சிறு கொப்புளம் என்றால் அது நுழைந்த இடமாக இருக்கலாம். இன்னொன்று, இந்தப் புழு உடம்புக்குள் குட்டி போட்டுப் பெருகாது. எண்ணிக்கை கூடுகிறதென்றால் வெளியிலிருந்து மறுபடி மறுபடி உள்ளே வருகிறது என்றுதான் பொருள்.

கேள்வி: வருஷா வருஷம் மாத்திரை கொடுப்பதற்குப் பதில் ஒரு தடுப்பூசி போட்டால் என்ன?
– ஆசிரியை, அறந்தாங்கி

பதில்: முயற்சி நடக்கிறது, அதுவும் புழுவின் புரதங்களை வைத்துத்தான். முதலில், தோலுக்குள் நுழையும் பருவம் சுரக்கும் ஏஎஸ்பி-2 என்ற புரதத்தைத் தடுப்பூசியாக்கி பிரேசிலில் சோதித்தார்கள். ஏற்கெனவே புழு வந்து போனவர்களின் உடம்பு அந்தப் புரதத்தை முன்பே அறிந்திருந்ததால் சிலருக்கு ஊசி போட்டதும் தோல் தடித்துவிட்டது, சோதனையை நிறுத்திவிட்டார்கள். அப்புறம்தான் மேலே முதல் பதிலில் சொன்ன, புழுவின் குடலுக்குள்ளேயே இருக்கும் ஏபிஆர்-1, ஜிஎஸ்டி-1 பக்கம் திரும்பினார்கள். புழு குடிக்கும் ரத்தத்திலேயே அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால் அதன் செரிமானம் கெடும் என்பது கணக்கு. எனக்கு இது நல்ல யோசனையாகவே படுகிறது.

இப்போது கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையும் ஒரு புரதத்தைத்தான் பிடிக்கிறது: புழுவின் பீட்டா டியூபுலின். அது முடங்கினால் புழுவால் குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் பட்டினியில் சாகும். ஆடுகளின் குடற்புழுக்களில் இந்தப் புரதத்தின் 200-ஆவது அமினோ அமிலம் மட்டும் மாறி, மருந்து வேலை செய்யாமல் போயிருக்கிறது. மனிதப் புழுவிலும் அப்படி ஆகிவிடலாம் என்பதாலும் தடுப்பூசியை விடாமல் தேடுகிறார்கள். இப்போதைக்கு உங்கள் மாணவர்களுக்கு மாத்திரைதான். 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில், பிப்ரவரி 10-ஆம் தேதி, 400 மில்லிகிராம் மாத்திரையைச் சப்பித் தின்னச் சொல்லுங்கள். அன்று வராத பிள்ளைகளுக்குச் சில நாள் கழித்து மறுபடி கொடுப்பார்கள், அந்தப் பெயர்களை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.