'காண்டாக்ட்' படத்தின் முடிவில் எல்லி உண்மையிலேயே விண்வெளிக்குப் போய் வந்தாரா, இல்லை பிரமையா?

போய் வந்தார். ஆனால் இதை நான் ஒத்துக்கொள்ள ஏழெட்டு வருஷம் ஆனது. காரணம் ஒரு விசிடி.

பள்ளிக்கூட நாளில் பர்மா பஜாரில் வாங்கியது. இரண்டு டிஸ்க். இரண்டாவதைத் தம்பி தரையில் சுற்றி விளையாடியதில் கடைசிப் பத்து நிமிஷம் கட்டம் கட்டமாக உறைந்துவிடும். ஆக, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை படம் விசாரணைக் காட்சியோடு முடிந்தது.

வேகா நட்சத்திரப் பக்கமிருந்து சிக்னல் வருகிறது. அதிலிருந்த வரைபடப்படி இயந்திரம் கட்டி விஞ்ஞானி எல்லியை (ஜோடி ஃபாஸ்டர்) அனுப்புகிறார்கள். எங்கெங்கோ போய், செத்துப்போன அப்பாவின் உருவில் வந்த ஒருவரோடு கடற்கரையில் பேசிவிட்டுத் திரும்புகிறார். பூமியில் பார்த்தவர்களுக்கோ, அவர் உட்கார்ந்திருந்த கூண்டு நேராகக் கீழே விழுந்தது, அவ்வளவுதான். கேமராவில் வெறும் இரைச்சல். எதற்கும் ஆதாரம் கேட்கிற மனுஷி, கையில் ஒன்றுமில்லாமல் விசாரணைக் குழு முன்னால் கண் கலங்கி நிற்கிறார். பிரமைதான் என்பது அன்றைக்கு என் கட்சி.

காசிமேட்டில் நண்பன் வீட்டில் இதை அளந்துகொண்டிருந்தேன். விசைப்படகு ஓட்டும் அவன் அப்பா குறுக்கே வந்தார். "கரகரன்னு வந்தா வயர்லெஸ் செட்டு ஓடுதுன்னு அர்த்தம்பா. ஒண்ணுமே வரலன்னாதான் பேஜாரு. எவ்ளோ நேரம் கரகரன்னுச்சு?"

"தெரியல மாமா."

அப்புறம் ஒருநாள் டிவியில் முழுசாகப் பார்த்தேன். விசாரணை முடிந்ததும் அதிகாரிகள் இரண்டு பேர் தனியாகப் பேசிக்கொள்கிறார்கள்: பதிவானது இரைச்சல்தான், ஆனால் சுமார் 18 மணி நேர இரைச்சல். வெளியே கடந்ததோ சில நொடிகள். இதை எல்லிக்குக்கூடச் சொல்வதில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த 18 மணி நேரம்தான். ஆனாலும் எனக்கு அந்தக் காட்சி கொஞ்சம் உறுத்தல். நம்பலாமா வேண்டாமா என்று எல்லியோடு நம்மையும் தவிக்க விடாமல், நம் காதில் மட்டும் விடையைச் சொல்லிவிடுகிறார் இயக்குநர் ஜெமெக்கிஸ். எங்கள் வீட்டு டிஸ்க் இன்னும் நன்றாக முடிந்தது என்பேன்.

கார்ல் சேகனின் மூல நாவலில் (1985) போவது ஐந்து பேர். கடைசியில் பை என்ற எண்ணின் இலக்கங்களுக்குள் ஒரு செய்தி கிடைக்கிறது, அதை யாரும் பூட்டி வைக்க முடியாது. படம் 1997 ஜூலையில் வந்தது, சேகன் முந்தின டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

எல்லோரும் இந்த 18-ஐப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் ஒரு வசனம் தப்பிப் போகிறது. தான் வந்த இந்த விண்வெளிப் பாதைகளை நீங்களா கட்டினீர்கள் என்று எல்லி கேட்க, 'அப்பா' இல்லை என்கிறார். கட்டியவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது, இவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார்களாம். சிக்னல் அனுப்பியவர்களே வாடகைக்குக் குடிவந்தவர்கள் மாதிரிதான். எனக்குப் படத்தின் முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

போன பொங்கலுக்குக் காசிமேடு போனபோது, "18 மணி நேரம் மாமா" என்றேன். அவருக்கு ஞாபகம் வரச் சற்று நேரம் பிடித்தது.

"அத்ததாம்பா அன்னிக்கே கேட்டேன்."