வால்யூமைக் கூட்டினால் போதாதா?

காது மந்தமானவர்களின் போன் சிக்கல்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறவர், ஆபரேட்டர் வழியாக வெளியூருக்குப் போன் போட்ட டிரங்க் கால் காலத்தில் மதுரையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு காதிலும் மிஷின் போட்டிருக்கிறார்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின் வாங்கிக் கொடுத்தோம். நேரில் நன்றாகப் பேசுகிறார். போனைக் காதில் வைத்தால் மட்டும் ‘கீ’ என்று விசில். கழற்றிவிட்டுப் பேசினால் எதுவுமே கேட்கவில்லையாம். வேறு போன் வாங்க வேண்டுமா?
(வாசகர், கரூர்)

பதில்: புதுப் போன் வேண்டாம். முதலில் அம்மா போனை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். பழக்கதோஷம், காது ஓட்டையில் வைத்து அழுத்துவார். மிஷினின் மைக் அங்கே இல்லை. காதுமடலின் உச்சிக்குப் பின்னால், மிஷினின் முதுகில் இருக்கிறது. போன் ஓரிடத்தில் பேசுகிறது, மிஷின் வேறிடத்தில் காத்திருக்கிறது. விசிலுக்குக் காரணம், காதுக்குள்ளிருந்து கசிகிற சத்தம் போனில் பட்டுத் திரும்பி மைக்குக்குள் போவதுதான். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் அலறுமே, அதே கதை.

போனை இரண்டு விரற்கடை உயர்த்தி, காதுமடல் உச்சிக்கு நேராக, தோலில் படாமல், சற்றுச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பேப்பரில் எதையாவது நிதானமாக வாசித்துக்கொண்டே இருங்கள். தங்கம் விலை வேண்டாம், அம்மா கவனம் சிதறிவிடும். அவர் போனை மெல்ல மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே வந்தால் ‘ஆங், இங்கேதான்’ என்று ஓரிடம் அகப்படும். கை கொஞ்சம் நகர்ந்தாலும் அது தவறிப்போகும் என்பதால், ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசுவது பலருக்கு இன்னும் சௌகரியம். மருமகளைப் பற்றிப் பேச முடியாது, அவ்வளவுதான்.

போனே இல்லாமல், மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் விசிலடித்தால் காதுக்குள் பொருந்துகிற மோல்ட் (அச்சு) லூஸாக இருக்கலாம், இல்லை காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். கேட்கும் திறனைச் சோதித்து மிஷின் பொருத்துகிற ஆடியாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். அப்படியே ‘இதில் டெலிகாயில் இருக்கிறதா?’ என்றும் கேளுங்கள். அது மிஷினுக்குள் இருக்கும் சின்னக் கம்பிச்சுருள். போனின் காந்தப்புலத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். மைக் மூடிக்கொள்வதால் விசிலும் வராது, அடுப்படி மிக்ஸியும் குறுக்கே வராது. மிஷினில் அது இருந்தும், அதற்கான ‘டி’ புரோகிராமை யாரும் போட்டே தராமல் விட்டிருப்பதும் உண்டு. மிகச் சிறிய மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. போனின் கால் செட்டிங்ஸுக்குள் ‘ஹியரிங் எய்ட்’ என்று ஏதாவது தென்பட்டால் அதையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பேத்தி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் புரிகிறது. அதே பேத்தி சாதாரண காலில் வந்தால் முனகல் மாதிரி இருக்கிறது. வால்யூம் முழுசாகத்தான் வைத்திருக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா. லைனின் கஞ்சத்தனம் அது. நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்திலிருந்தே, போன் லைன் மனிதக் குரலில் சுமார் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள நடுத்துண்டை மட்டும்தான் அனுப்பும். நல்ல காதுக்கு அது போதும், விட்டுப்போனதை மூளை நிரப்பிக்கொள்ளும். ஆனால் வயதால் வருகிற மந்தம் மேல் சுருதியில்தான், அதாவது ஹெர்ட்ஸ் எண் கூடுகிற பக்கம்தான், ஆரம்பிக்கும். ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ போன்றவற்றின் உரசல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. காதும் வெட்டி, லைனும் வெட்டினால் மிஞ்சுவது ஆ, ஓ, ஈ மட்டுமே. வால்யூமைக் கூட்டினால் அந்த முனகல்தான் பெரிதாகும்.

வாட்ஸ்அப் கால் நெட் வழியே கூடுதல் அகலத்தில் வருகிறது. சாதாரண காலிலும் அதைப் பெற வழி உண்டு. 4ஜியிலேயே கால் போகிற ‘வோல்டி’ வசதி ஏறத்தாழ 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவந்து கொடுக்கும். இரண்டு முனையிலும் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உங்களிடம் வாட்ஸ்அப் இருப்பதால் ஸ்மார்ட்போன்தான். செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் வோல்டி அணைந்து கிடக்கிறதா என்று பேத்தியையே பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய 2ஜி பட்டன் போனை விடமாட்டேன் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது சிக்னலை நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அனுப்பும். அந்தத் துடிப்பைக் காது மிஷின் பிடித்துக்கொண்டு ‘டர்ர்ர்’ என்று இரையும். மிஷினைக் குறை சொல்லி ரிப்பேருக்குக் கொடுப்பார்கள். பொத்தான்தான் கைக்கு வாகு என்றால் 4ஜி பட்டன் போனே கடையில் கிடைக்கிறது.

கேள்வி: நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இடது காதில் போன் வைத்தால் சத்தமே இல்லை. வலது காதில் கேட்கிறது. போன் ஸ்பீக்கர் கோளாறா? வயது 45.
(வாசகர், வேலூர்)

பதில்: இவர் கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியர் குழு இவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அதே போன் ஒரு காதில் கேட்டு இன்னொரு காதில் கேட்காவிட்டால் கோளாறு போனில் இல்லை. திடீரென்று ஒரு காது அடைந்துபோனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். வெறும் அழுக்காக இருந்தால் எடுத்துவிடுவார். உள்காது நரம்புக் கோளாறு என்றால் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். நாள் தள்ளத் தள்ள அது பலிக்கும் வாய்ப்பு குறையும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வேலைக்குப் போகிறேன், வயது 38. போன் அடித்தாலே வயிற்றைப் பிசைகிறது. கொரியர்காரர், கேஸ் ஏஜென்சி, பையனின் ஸ்கூல், யார் என்ன சொன்னாலும் ‘சரிங்க, சரிங்க’ என்று சொல்லி வைத்துவிடுகிறேன். காது கேட்காது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஈரோடு)

பதில்: கூச்சம் போகிறபோது போகட்டும். ‘சரிங்க’ இன்றைக்கே போக வேண்டும். ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவனுக்கும் நீங்கள் அதைத்தான் சொல்வீர்கள்.

டிரங்க் கால் லைனில் பாதி நேரம் இரைச்சல்தான். காது நன்றாக இருந்த எங்களுக்கே சரியாகக் கேட்காது. அதற்காக யாரும் கூசவில்லை. பேச்சை எங்கள் கையில் வைத்துக்கொண்டோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். எடுத்ததும் முதல் வாக்கியமே, ‘லைன்ல எனக்குச் சரியாக் கேக்காதுங்க, நிதானமாச் சொல்லுங்க.’ காதைப் பற்றிப் பேச்சே வரவில்லை, பாருங்கள். ‘சத்தமா’ என்று கேட்காதீர்கள். சத்தம் போட்டால் குரல் உடைந்து இன்னும் மோசமாகும். ‘என்ன? என்ன?’ என்றும் கேட்க வேண்டாம். சொன்னதையே அதே வேகத்தில் திருப்பிச் சொல்வார்கள். விட்டுப்போன துண்டை மட்டும் கேளுங்கள்: ‘நாளைக்குன்னு புரியுது, எத்தனை மணிக்கு?’

எண்களில்தான் பெரிய ஆபத்து. ஒன்பது, ஐம்பது, எண்பது மூன்றுக்கும் வால் ஒன்றுதான். லைனில் வால் மட்டுமே வந்து சேரும். ‘எட்டு, பூஜ்யம்’ என்று ஒவ்வொரு இலக்கமாக நீங்கள் திருப்பிச் சொல்லி ‘சரியா?’ என்று கேளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எதிர்முனை சலித்துக்கொள்ளும். சலித்துக்கொள்ளட்டும்.

வீட்டில் பழைய ஆண்ட்ராய்டு போன் சும்மா கிடந்தால் அதில் கூகுளின் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலியைப் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். 2019இல் வந்தது. பேசப் பேச எழுத்தாகக் காட்டும். கால் நடக்கும்போது அதே போனில் இது சரியாக வேலை செய்யாது, அதனால்தான் இரண்டாவது போன். கால் வந்த போனை ஸ்பீக்கரில் போட்டு, இதைப் பக்கத்தில் வைத்து வாசித்துக்கொண்டே பேசலாம். நெட் வேண்டும். ஊர்ப்பெயர், ஆள்பெயரில் எல்லாம் சொதப்பும். பாதி தமிழ் பாதி இங்கிலீஷில் பேசுகிறவர் வந்தால் திணறும். ஆனாலும் கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள இது போதும். ஸ்கூலுக்கு மட்டும், ‘மெசேஜாகவே அனுப்புங்கள்’ என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: போன் அடிப்பதே தெரிவதில்லை. பிள்ளைகள் திட்டுகிறார்கள்.
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: குருவி கத்துகிற மாதிரி ரிங்டோன் வைத்திருப்பீர்கள். அந்தக் கீச்சுச் சுருதி நமக்கு எட்டாது. மிருதங்கம், தவில் மாதிரிக் கனமான சத்தமாக மாற்றுங்கள். போன் அடிக்கும்போது கேமரா லைட் மின்னுகிற வசதி ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் அக்சஸிபிலிட்டி பகுதியில் இருக்கிறது. கையில் அதிர்கிற ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளே வாங்கித் தரட்டும்.

கேள்வி: புளூடூத் உள்ள மிஷின் என்றால் போன் நேராகக் காதுக்குள் கேட்கும் என்கிறார் கடைக்காரர். விலை அதிகம். வாங்கலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அவர் சொல்வது உண்மைதான். குரல் இரண்டு காதிலும் ஒன்றாக விழும்போது ஒரு காதில் புரியாதது இரண்டில் புரியும். ஆனால் எல்லா மிஷினும் எல்லாப் போனோடும் சேராது. சில ஐபோனோடு மட்டும் நன்றாகப் பேசும். சில மிஷினில் கேட்பது மட்டும்தான் காதில். நாம் பேசுவதற்குப் போனை வாய்ப்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அதனால் கடைக்கு உங்கள் போனையே கொண்டுபோய் இணைக்கச் சொல்லி, வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். ஏசி அறைக்குள் வேண்டாம், பஸ் போகிற ரோட்டுப் பக்கம் வாசலில் நின்று. அங்கே மனைவி சொல்லும் காய்கறிப் பட்டியல் முழுசாகப் புரிந்தால் விலை பேசுங்கள். சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவார்களா என்றும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.