மெக்சிகோ முன்னோரைத் தேடுவோருக்கு: கேள்வி பதில்

கே: என் மனைவியின் கொள்ளுத்தாத்தா 1915 வாக்கில் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்கு வந்தவர். பெயர் மட்டுமே தெரியும். எங்கே தொடங்குவது?

ப: பெயரை விட்டுவிட்டு ஊரைத் தேடுங்கள். மெக்சிகோவின் குடிமைப் பதிவுகள் (அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள்) நகராட்சிவாரியாகவும், தேவாலயப் பதிவுகள் பங்குவாரியாகவும் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள வட்டாரமே பங்கு) இருப்பதால், ஊர் தெரியாதவருக்கு ஹோசே கார்சியா போன்ற பரவலான பெயரால் பயன் இல்லை. டெக்சாஸின் எல்லை ஊர்களான எல் பாசோ, லரேடோ வழியாக எல்லை கடந்தவர்களின் அமெரிக்கப் பதிவுகளில் பிறந்த ஊரும், அங்கேயே தங்கிவிட்ட நெருங்கிய உறவினரின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். ஊர்ப்பெயர் மாறியிருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பாசோ டெல் நோர்டே என்ற மெக்சிகோ ஊர் 1888இல்தான் சியூடாட் ஹுவாரெஸ் ஆனது.

கே: பாட்டியின் இறப்புப் பதிவு தாத்தாவின் குடும்பப்பெயரில் கிடைக்கவில்லை.

ப: கிடைக்காது. அங்கே பெண்கள் மணமான பின்னும் தந்தை, தாய் இருவரின் குடும்பப்பெயர்களையே வைத்துக்கொள்வார்கள்.

கே: எங்கள் குடும்பப்பெயருக்கான மரபுச் சின்னத்தை (கேடய வடிவச் சின்னம்) எங்கே வாங்கலாம்?

ப: எங்கும் வாங்காதீர்கள். சின்னங்கள் குறிப்பிட்ட ஆட்களுக்கும் அவர்களின் வழியினருக்கும் உரியவை. ஒரே குடும்பப்பெயர் கொண்ட அனைவருக்கும் உரியவை அல்ல.

கே: 1790ஆம் ஆண்டுத் திருமுழுக்குப் பதிவில் குழந்தையை ‘எஸ்பான்யோல்’ (ஸ்பானியர்) என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் நாங்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள்தானே?

ப: அந்த ஒரு பதிவை வைத்து அவ்வாறு சொல்ல முடியாது. பதிவேட்டின் ஓரத்தில் குழந்தையின் பெயருக்கு அருகே எழுதப்பட்ட அந்த இனப்பிரிவு, பங்குத்தந்தையோ எழுத்தரோ குடும்பத்தின் தோற்றம், உடைமை, ஊரில் இருந்த மதிப்பு ஆகியவற்றைப் பார்த்து இட்டதாக இருக்கலாம். ஒரே தம்பதியரின் மூத்த பிள்ளை எஸ்பான்யோலாகவும் இளைய பிள்ளை மெஸ்டிஸோவாகவும் (ஸ்பானியரும் பூர்வகுடியினரும் கலந்த வழியினர்) பதிவாகியிருப்பது அரிதல்ல.

கே: முந்தைய பதிலை ஏற்க இயலாது. தம் பங்கு மக்களின் பூர்வீகம் பங்குத்தந்தைக்குத் தெரியாதா?

ப: தெரிந்திருக்கலாம், ஆனால் தெரிந்ததைத்தான் எழுதினார் என்பதற்கு அந்த ஒற்றைச் சொல் சான்றாகாது. சான்று வேண்டுமானால் திருமணத்துக்கு முன் நடந்த விசாரணைக் கோப்புகளைப் பாருங்கள். மணமக்களின் பிறந்த ஊர், பெற்றோர், சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவை அவற்றில் இருக்கும். இருவரும் உறவினராக இருந்தால், நான்காம் தலைமுறை உறவுக்கும் திருச்சபையின் விலக்கு வேண்டியிருந்ததால், பொது முன்னோர் வரை வரைந்த வம்சமரமே கிடைக்கக்கூடும். மேலும், ஸ்பெயினிடமிருந்து மெக்சிகோ விடுதலை பெற்ற பின் 1822இல் இத்தகைய இனப்பிரிவுக் குறிப்புகள் தடைசெய்யப்பட்டன. இவ்வாறு பதிவேட்டிலிருந்து நீங்கிவிட்ட ஒரு குறிப்பின்மேல் வம்சத்தையே கட்டி எழுப்பாதீர்கள்.

கே: ஹெர்னாண்டஸ் குடும்பத்தார் எந்தப் பகுதியினர்?

ப: எல்லாப் பகுதியினரும். முதல் பதிலைப் படியுங்கள்.

கே: 1927இல் பிறந்த தாத்தாவின் திருமுழுக்குப் பதிவு இல்லை.

ப: 1926 முதல் 1929 வரை அரசுக்கும் கத்தோலிக்கக் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே கிறிஸ்தேரோ போர் நடந்தது, பொது வழிபாடு நிறுத்தப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளுக்குக் குடிமைப் பதிவையே தேடுங்கள். 1859ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்த அந்தப் பதிவுகளிலும் 1910இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சிக்காலத்தில் எரிந்தவை உண்டு.

கே: இணையத்தில் உள்ள பதிவுகளின் பெயர்ப்பட்டியலில் தேடியும் எதுவும் வரவில்லை. குடும்பச் சின்னமாவது...

ப: சின்னத்துக்குப் பதில் மேலே உள்ளது. பட்டியல் என்பது பிறர் படித்துத் தட்டச்சு செய்தது. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆய்வுத் தளத்தில் அந்த ஊரின் பதிவேட்டுப் படங்களைப் பக்கம் பக்கமாகத் திறந்து பாருங்கள்.