கணக்கிலும் அறிவியலிலும் அடிப்படை பலமாக இல்லாதவர் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தால் சமாளிக்க முடியுமா?

முடியும். நான் பள்ளியில் வரலாறும் வணிகவியலும் படித்துவிட்டு வேதியியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவன். முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். ஆனால் நான் பயந்த இடத்தில் அந்தக் கஷ்டம் வரவில்லை.

கால்குலஸ்தான் கழுத்தைப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அதை வகுப்பிலேயே நிதானமாக நடத்தினார்கள். என்னைத் தடுக்கிவிட்டது, எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று யாருமே நடத்தாமல் விட்ட பள்ளிக் கணக்கு: பின்னம், அடுக்கு, மடக்கை (லாகரிதம்), சமன்பாட்டில் ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோவது.

ஒருநாள் அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் பற்றிப் பேசும்போது ஆசிரியர், "பிஹெச் 3-இலிருந்து 5 ஆனால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 100 மடங்கு குறையும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். 3-க்கும் 5-க்கும் நடுவில் இந்த 100 எங்கிருந்து வந்தது? அன்று இரவு மடக்கையை முதலிலிருந்து படித்தேன். மூன்று பத்துகளைப் பெருக்கினால் 1000, அதனால் 1000-இன் மடக்கை 3. அவ்வளவுதான் விஷயம். பிஹெச் என்பது அந்தச் செறிவின் மடக்கைதான், குறி மட்டும் மாறும். பிஹெச் 3 என்றால் லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு மோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு). 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்கு. அந்த 100 தானாகவே வந்து நின்றது. பின்னால் ஒலியை அளக்கும் டெசிபெல் வந்தபோதும் இதே கணக்குதான், பயமே இல்லை.

அப்புறம் அலகுகள். வாயுச் சமன்பாட்டில் வெப்பநிலையை 298 கெல்வின் என்று போடாமல் 25 என்று செல்சியஸில் போட்டு, அழுத்தம் கிட்டத்தட்ட பன்னிரண்டில் ஒரு பங்காக வந்து நின்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதாமல் அடுத்த வரிக்குப் போவதில்லை. என் தவறுகளில் பாதி இதிலேயே பிடிபட்டுவிடும்.

சேர்வதற்கு இரண்டு மூன்று மாதம் இருந்தால், தினமும் அரை மணி நேரம் மேலே சொன்ன பள்ளிக் கணக்கைக் கையால் போடுங்கள். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். பேனாவை எடுத்தால்தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கத் தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

உயிரியல் என்றால் புள்ளியியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இயற்பியல் என்றால் மூன்று மாதம் போதாது. சில பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு அடிப்படைப் படிப்பு இருக்கிறது, அதில் சேர்ந்துவிட்டுப் போவது நல்லது. சேர்க்கைக்குப் பள்ளிக் கணக்கு கட்டாயமா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

எந்தத் துறை என்று சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்கலாம் என்று எழுதுகிறேன்.