பதில்: ஸ்கோப் வந்த பிறகு இரும்புக் குறி எதற்கு?

அண்ணா, பழைய .308 தோட்டா ரைபிளுக்கு ஸ்கோப் (பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி) வாங்கப் போவதால் குழல்மேல் உள்ள இரும்புக் குறியை (முன்குறி, பின்குறி) கழற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றாதீர்கள், ஸ்கோப் பழுதானால் அதுதான் மாற்றுக் குறி. ஆனால் நம்ப வேண்டியது ஸ்கோப்பைத்தான். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குப் பின்குறி, முன்குறி, விலங்கு மூன்றும் ஒருசேரத் தெளியாது. ஸ்கோப்பில் குறுக்குக்கோடும் விலங்கும் ஒரே தளத்தில் தெரியும்.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாண முட்புதரில் நியாலா என்ற மானினத்தைப் பெரும்பாலும் கிட்டத்தில்தான் சுடுவோம். 2-7 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் தாராளம். நடக்கும்போது 2-இல் வையுங்கள். கடைக்காரர் 6-24 காட்டி ஆசை மூட்டுவார். புதருக்குள் அதில் இலைதான் தெரியும்!

ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து வைக்கும் வளையங்களில், விரைவாகக் கழற்றும் நெம்புகோல் வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழியுங்கள். அடியில் இடைவெளி விட்ட உயர வளையங்கள் வேண்டவே வேண்டாம். கன்னம் ரைபிளின் கட்டையில் படியாது, குறி தவறும்.

ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, வேட்டைக்கு வாங்கிய அதே தோட்டாவால் இரும்புக் குறியை 50 மீட்டரில் சரிபாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. சரிபார்க்காத மாற்றுக் குறி வெறும் அலங்காரம். ஸ்கோப்பை மீண்டும் மாட்டியதும் 100 மீட்டரில் சுட்டு, குறி பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் வளையங்களைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.