வாசகர் கேள்வி – பதில்: முகாமைத்துவ பீடத்தில் முதல் நாள்

முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடத்துக்குத் தெரிவான பிள்ளைகளும் பெற்றோரும் திசைமுகப்படுத்தல் நாள் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, பல்கலைக்கழக வகுப்பறையையும் நிர்வாகத்தையும் அறிந்தவர்கள் தரும் விடைகள்.

மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு நானும் போகலாமா? என்னென்ன கடதாசி வேணும்?
– ஒரு தாய், கரவெட்டி

அழைப்புக் கடிதத்தில் பெற்றோரையும் கேட்டிருந்தால் கட்டாயம் போங்கள், அம்மா. பீடாதிபதி, துறைத் தலைவர்கள், நூலகர், மாணவ ஆலோசகர் பேசுவதை நீங்களும் கேட்பது நல்லது. ஆனால் படிவம் நிரப்பும் நேரத்தில் பேனையை மகளிடம் கொடுத்துவிடுங்கள். இனி நாலு வருடம் அந்தக் கந்தோருக்கு அலையப்போவது அவதான்.

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தெரிவுக் கடிதம், பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றிலும் மூலப் பிரதியும் மூன்று போட்டோ கொப்பியும் எடுங்கள். கடவுச்சீட்டு அளவுப் படம் ஆறு. கடிதத்தில் வேறு ஏதும் கேட்டிருந்தால் அதையும் சேர்த்து ஒரே கோவையில் போடுங்கள்.

கடதாசி குறைந்தால் அடுத்த நாள் கொண்டுவந்து கொடுக்கலாம். பெயர் பிழைத்தால் அப்படி முடியாது. எங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும், புதிய அடையாள அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் இருக்கும், பெறுபேற்றுத் தாளில் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஒன்றில் தகப்பன் பெயரில் ஒரு 'எச்' கூடியிருக்கும், இன்னொன்றில் 'வி' இருக்கவேண்டிய இடத்தில் 'டபிள்யூ' நிற்கும். பதிவுப் படிவத்தில் எழுதும் பெயர்தான் பட்டச் சான்றிதழ் வரை போகும். ஆகவே முதல்நாள் இரவே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒத்துப்பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் போய் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போங்கள்.

மகாபொல புலமைப்பரிசிலுக்கு மகளின் தனிப்பெயரில், நடைமுறையில் இருக்கும் சேமிப்புக் கணக்கு வேண்டும். சின்ன வயதில் திறந்த சிறுவர் கணக்கின் இலக்கத்தை எழுதிவிட்டுப் பிறகு அலைபவர்கள் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. என்றாலும் முதல் மாதமே காசு வந்துவிடும் என்று வீட்டுச் செலவைக் கணக்குப் போட வேண்டாம்.

யாழ். பஸ் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு எப்படிப் போவது?
– மாணவர், வவுனியா

பலாலி வீதியால் போகும் பஸ்ஸில் ஏறி, திருநெல்வேலிப் பக்கம் பரமேஸ்வராச் சந்தியில் இறங்குங்கள். இராமநாதன் வீதியால் நடக்கிற தூரந்தான். எட்டு மணி நிகழ்வுக்கு ஏழரைக்கு வாசலில் நில்லுங்கள்.

அன்றைக்குக் கிறெடிட், ஜீபிஏ, 80 வீதம் என்று நிறையச் சொல்வார்களாம். இதில் எதைக் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேணும்?
– மாணவர், மானிப்பாய்

நல்ல கேள்வி, தம்பி. அன்று நடக்கும் பேச்சுகளில் பாதி மறந்தாலும் பரவாயில்லை, இந்த மூன்றும் மறக்கக்கூடாது.

கணக்கீடு படித்த உங்களுக்குக் 'கிறெடிட்' என்றால் பேரேட்டின் செலவுப் பக்கம் நினைவுக்கு வரும். இங்கே அது படிப்பின் அளவு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிறெடிட் என்பது மாணவர் செலவிடும் 50 மணித்தியாலம். நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிறெடிட், அதாவது வருடத்துக்கு 30. ஒரு மூன்று கிறெடிட் பாடத்தை எடுங்கள்: மொத்தம் 150 மணித்தியாலம். 15 வார அரையாண்டில் கிழமைக்கு மூன்று மணித்தியாலமாக விரிவுரை 45. மிச்சம் 105 மணித்தியாலமும் நீங்களாக வாசிப்பது, கணக்குச் செய்வது, அசைன்மென்ட் எழுதுவது. அப்படியென்றால் ஒரு பாடத்துக்குக் கிழமைக்கு 7 மணித்தியாலம். ஐந்து பாடம் இருந்தால் வகுப்பு 15, சொந்தப் படிப்பு 35, கூட்டினால் 50. டியூசனில் காலை முதல் இரவு வரை இருந்து பழகிய பிள்ளைகள் கம்பஸ் நேரசூசியில் வெறுமையான கட்டங்களைக் கண்டு அதெல்லாம் ஓய்வு நேரம் என்று நினைக்கிறார்கள். முதல் அரையாண்டில் பிள்ளைகளைச் சறுக்க வைப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்.

80 வீத வகுப்பு வரவையும் இப்படியே போட்டுப்பாருங்கள். கிழமைக்கு ஒருமுறை நடக்கும் பாடத்துக்கு 15 வகுப்பு. பரீட்சை எழுத 12 வேண்டும். உங்கள் கையில் இருப்பது மூன்றே மூன்று வகுப்பு. 'முதல் கிழமை ஒன்றும் நடக்காது' என்று வீட்டில் நின்றால் அதில் ஒன்று போய்விடும். பிறகு ஒரு டெங்குக் காய்ச்சல் வந்தால் மிச்சம் இரண்டும் முடிந்துவிடும். சுகமில்லாமல் போனால் மருத்துவச் சான்றிதழை எத்தனை நாளுக்குள், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை அன்றே கேட்டு எழுதுங்கள். பிந்திக் கொடுத்த சான்றிதழால் பரீட்சைக்கு இருக்க முடியாமல் போன பிள்ளைகளைப் பார்ப்பது மனவருத்தமான விசயம்.

ஜீபிஏ என்பது பாடங்களின் தரப்புள்ளிச் சராசரி, 4.00க்குக் கணிக்கப்படும். ஏ என்றால் 4.0, பி பிளஸ் 3.3, பி 3.0, சி பிளஸ் 2.3, சி 2.0, டி 1.0. முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் மேல் வகுப்புக்கு 3.30, இரண்டாம் கீழ் வகுப்புக்கு 3.00 என்பது வழமை. சம கிறெடிட் உள்ள ஐந்து பாடத்தில் ஒருவருக்கு ஏ, பி பிளஸ், பி, சி பிளஸ், டி வருகிறது என்று வைப்போம். கூட்டினால் 13.6, ஐந்தால் பிரித்தால் 2.72. டி வந்ததைத் திரும்ப எழுதினால் பொதுவாக எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி தான் உச்சம். அப்போதும் 2.92. ஒரேயொரு டி, வகுப்பு எல்லைக்குக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. முதலாம் வருடப் புள்ளி இறுதி வகுப்புக்குச் சேருமா என்பது பீடத்துக்குப் பீடம் வேறுபடும். கைநூலில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள், தெளிவில்லாவிட்டால் எழும்பிக் கேளுங்கள்.

உயர்தரம் தமிழில் படித்தேன். விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– மாணவி, கிளிநொச்சி

பாடம் உங்களுக்குத் தெரியும், தங்கச்சி. தெரியாதது அதன் ஆங்கிலப் பெயர். இரண்டும் வேறு வேறு. உயர்தரக் கணக்கீட்டையும் பொருளியலையும் படித்து முடித்தவர் முதலாம் வருட அடிப்படைப் பாடங்களில் புதிதாகக் காணும் கருத்து அதிகமில்லை.

போனில் மொழிபெயர்த்துப் படிக்க வேண்டாம். எங்கள் பொருளியல் புத்தகத்தில் 'கேள்வி' என்றால் டிமாண்ட். போன் அதைக் 'குவெஸ்ச்சன்' என்று சொல்லும். 'பரீட்சை மீதி' ட்ரயல் பலன்ஸ், போன் அதைச் சோதனையோடு முடிச்சுப் போடும். 'நிரம்பல்' சப்ளை, 'பெறுமானத் தேய்வு' டெப்ரிஸியேசன். இவை இலங்கைப் பாடநூல்களுக்கே உரிய சொற்கள், அதனால்தான் போன் தடுமாறுகிறது.

ஒரு கொப்பியில் மூன்று நிரல் கோடு போடுங்கள்: தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், அதை வைத்து நீங்களே எழுதிய ஒரு ஆங்கில வசனம். பழைய பாடப் புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பிடித்து ஒரு நாளைக்குப் பத்துச் சொல், ஒரு மாதத்தில் முந்நூறு. மூன்றாவது நிரலை விட்டுவிடாதீர்கள். கணக்குச் செய்யும் வினாவில் தமிழ்மொழிப் பிள்ளைகள் புள்ளி இழப்பது குறைவு, 'விளக்குக' என்று வரும் ஐந்து வரி விடையில்தான் இழக்கிறார்கள்.

பகிடிவதைக்கு என்ன செய்வது? மகன் வாயே திறக்கமாட்டான்.
– ஒரு தகப்பன், சாவகச்சேரி

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ என்றால் பத்து வருடம் வரை. இப்போது அது வாட்ஸ்அப் குழுவிலும் நடுச்சாம அழைப்பிலும் தொடங்குகிறது. மிரட்டும் செய்தி வந்தால் பயத்தில் அழிக்கக்கூடாது. இலக்கமும் திகதியும் நேரமும் தெரிய ஸ்கிறீன்சொட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். முறைப்பாட்டை மாணவ ஆலோசகரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். மகனிடம் 'யார் அடித்தது' என்று தொடங்காமல், 'இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறாய்' என்று கேட்டுப்பாருங்கள். நித்திரை குழம்புவதுதான் முதலில் தெரியும்.

வருகிற பட்சுக்கு நாங்கள்தான் உதவி செய்யப்போகிறோம். 240 பேர் அளவில். பதிவு மேசை நெரிசலை எப்படிக் குறைப்பது?
– இரண்டாம் வருட மாணவர்கள், திருநெல்வேலி

ஒருவருக்கு நாலு நிமிடம் என்றால் 240 பேருக்கு 960 நிமிடம், 16 மணித்தியாலம். நாலு மேசை போட்டால் நாலு மணித்தியாலம், எட்டு மேசை போட்டால் இரண்டு. பெயரின் முதலெழுத்தால் வரிசை பிரிக்க வேண்டாம். எங்கள் பெயர்களில் 'எஸ்' அவ்வளவு அதிகம், அந்த மேசையில் சனம் குவிய மற்ற மேசைகள் சும்மா இருக்கும். பதிவிலக்கத்தால் பிரியுங்கள். வாசலிலேயே ஒருவர் கோவையைப் புரட்டி, குறைந்த கடதாசியைச் சொல்லட்டும். மேசையில் நேரம் தின்பது அந்தத் தேடல்தான்.

வெள்ளிக்கிழமை என்றாலோ நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள் விழுந்தாலோ சைவச் சாப்பாடே எடுங்கள். வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு மணிக்கு அமர்வை நிறுத்துங்கள். சிங்களம் மட்டும் தெரிந்து வருபவர்களோடு பேசக்கூடிய இருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். கேள்வி நேரத்தில் ஒருவரும் எழும்பமாட்டார்கள். காலையிலேயே ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, எந்த மொழியிலும் பெயர் போடாமல் எழுதச் சொல்லிப் பெட்டியில் சேருங்கள்.

முதல் கிழமையே பட்டயக் கணக்காளர் படிப்புக்கும் பதியலாமா?
– மாணவர், பருத்தித்துறை

அவசரப்பட வேண்டாம். முதல் அரையாண்டுப் பெறுபேறு வந்த பிறகு தீர்மானியுங்கள். பட்டத்தில் படித்த பாடங்களை அங்கே திரும்ப எழுதாமலிருக்க விலக்களிப்புக் கேட்க வாய்ப்பிருக்கும். அதற்குப் பாடத்திட்ட விபரம் தேவைப்படும். ஆகவே அன்று தரும் கைநூலை நாலு வருடமும் பத்திரமாக வையுங்கள்.